மேகத்தைப் பார்க்காதவர்கள் வரைந்த படங்கள்

ஹிரோஷிமா என்று தலைப்புக் கொடுத்தால் நம் பிள்ளைகள் முதலில் வரைவது காளான் மேகத்தைத்தான். தாளின் நடுவில் மேகம், அடியில் நாலைந்து இடிந்த கட்டடங்கள், மூலையில் இலைக்கொத்தைக் கவ்விக்கொண்டு ஒரு வெள்ளைப் புறா. 1945-ல் அங்கே அணுகுண்டு விழுந்த ஆகஸ்ட் 6 வந்தால் பள்ளிகளில் காகிதக் கொக்கு மடிப்பது, பேரணி போவது, ஓவியப் போட்டி வைப்பது எல்லாம் நம் ஊரில் ரொம்ப காலமாக நடப்பவை. ஓவிய ஆசிரியர் என்பதால் நடுவராக என்னையும் கூப்பிடுவார்கள். படங்களை மேசை மேல் பரப்பினால் பாதிக்கு மேல் ஒரே படம். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பார்த்து வளர்ந்தது அதைத்தான். என்னை உறுத்தியது வேறு. ஓவியத்தில் நான் சொல்லித்தரும் முதல் பாடமே ‘நீ எங்கே நின்று பார்க்கிறாய்’ என்பதுதான். ஒரு குடத்தை வரைவதென்றாலும் கண் மட்டம் எங்கே என்று தீர்மானிக்காமல் கோடு போட முடியாது. அந்த மேகத்தைத் தண்டும் தலையுமாக முழுசாகப் பார்க்க எங்கே நிற்க வேண்டும்? நகரத்துக்குள் நின்றால் முடியாது. வெகுதூரம் தள்ளி நிற்க வேண்டும், இல்லையென்றால் வானத்தில் இருக்க வேண்டும்.

உலகம் முழுக்கப் பரவிய படங்கள் வானத்திலிருந்து எடுத்தவைதான். குண்டைப் போட்ட எனோலா கே விமானத்தின் வால் பகுதியில் துப்பாக்கி வீரராக உட்கார்ந்திருந்த ஜார்ஜ் கேரன் கையில் கேமரா இருந்தது. விமானம் திரும்பி விலகும்போது அவர் கண்ணில் பட்டதுதான் அந்த மேகம். குண்டு போட்டவர்களின் பார்வை அது. அமைதி வேண்டும் என்ற நல்ல மனசோடு வரைகிற நம் பிள்ளைகள், இத்தனை வருஷமாக அந்த விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் வரைகிறார்கள். இந்த நினைப்பு ஒருமுறை வந்த பிறகு என்னால் அந்தப் படங்களுக்கு நிம்மதியாக மதிப்பெண் போட முடியவில்லை.

சரி, அடியில் இருந்தவர்களுக்கு என்ன தெரிந்தது? புகைப்படங்களைத் தேடினால் கிடைப்பது மிகக் கொஞ்சம். சூகோகு ஷிம்புன் பத்திரிகையின் புகைப்படக்காரர் மாட்சுஷிகே யோஷிதோ அன்று கேமராவோடு நகரத்துக்குள் நடந்தார். அவரிடம் ஃபிலிம் இருந்தது. ஆனால் அன்று அவர் எடுத்ததில் நமக்கு மிஞ்சியவை 5 படங்கள். மியூகி பாலத்தருகே, தோல் உரிந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்க மனசு வராமல் வெகுநேரம் நின்றதாகவும், கேமராவில் பார்க்கும் கண்ணாடி கண்ணீரில் மங்கியதாகவும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் படங்களும், போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட நேச நாட்டு ஆக்கிரமிப்புப் படையின் தணிக்கை நீங்கி 1952-ல்தான் பரவலாக வெளிவந்தன. ஒரு நகரமே எரிந்த நாளுக்கு, உள்ளிருந்து எடுத்த சாட்சியாக இவ்வளவுதான் இருந்தது. மீதி எல்லாம் மனிதர்களின் தலைக்குள்ளேயே இருந்தது, ஏறக்குறைய முப்பது வருஷம்.

ஒரு முதியவர் கொண்டுவந்த தாள்

1974-ல் கோபயாஷி இவாகிச்சி என்ற 77 வயது முதியவர் ஹிரோஷிமாவின் என்.எச்.கே. ஒலிபரப்பு நிலையத்துக்கு ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனார். அப்போது தினமும் காலையில் ஒளிபரப்பான ஒரு தொடர்நாடகத்தில் ஹிரோஷிமா வந்ததைப் பார்த்து, தன் தலைக்குள் இருப்பதை வரைய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆகஸ்ட் 6, மாலை சுமார் 4 மணி, யோரோசுயோ பாலத்தருகே அவர் கண்டது. அவர் ஓவியர் இல்லை. நிலையத்தில் இருந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, உங்கள் நினைவில் இருப்பதை வரைந்து அனுப்புங்கள் என்று ஊருக்கே அறிவிப்புக் கொடுத்தார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக வந்து சேர்ந்தவை 2,225 படங்கள். அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். 2002-ல் மறுபடி கேட்டபோது இன்னும் ஆயிரத்துக்கு மேல் வந்தன. இப்போது அருங்காட்சியகத்திடம் சுமார் 5,000 இருக்கின்றன. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பென்சிலைத் தொட்டிராத கடைக்காரர்களும் வீட்டம்மாக்களும் கூலித் தொழிலாளிகளும் வரைந்தவை. சிலர் பேரனின் கிரேயானை வாங்கியிருக்கலாம் என்று பார்த்ததும் தோன்றும். பால்பாயின்ட் பேனா, ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலர், எது கைக்குக் கிடைத்ததோ அது. காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தவர்களும் உண்டு.

என் மகள் ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ஹிரோஷிமாவுக்கும் கூட்டிப்போனாள். கருகிய சோற்றுப் பெட்டி, மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் புத்தகங்களில் பார்த்தவைதான், நேரில் பார்க்கும்போதும் கலங்கத்தான் செய்தது. ஆனால் நான் நகர முடியாமல் நின்றது இந்தப் படங்களின் முன்னால். காரணம் தொழில் சார்ந்தது. ஒரு படத்திலும் கண் மட்டம் சரியில்லை, கைக்கும் உடம்புக்கும் அளவு ஒத்துவரவில்லை, பாலம் ஒரு கோணத்தில் இருக்கிறது, அதன் மேல் நடப்பவர்கள் வேறு கோணத்தில். வகுப்பில் என்றால் சிவப்புப் பேனாவால் திருத்தியிருப்பேன். இங்கே திருத்துவதற்கு எதுவுமே இல்லை என்று தெரிந்தது. வரைந்தவர் எங்கே நின்றார் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இதோ இங்கே, இந்தப் படித்துறையில், என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் இது இருந்தது என்று ஒவ்வொரு படமும் சொல்கிறது. நகரத்துக்குள் இருந்தவர்களின் படங்களில் மேகம் இல்லை. வானமே பெரும்பாலும் இல்லை. தரை இருக்கிறது, ஆறு இருக்கிறது, கைகள் இருக்கின்றன.

இன்னொன்று, படங்களுக்குள்ளேயே எழுத்து. வெற்றிடம் கிடைத்த இடமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். மகள் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நகர்ந்தேன். தெருவின் பெயர், மணி, அம்புக்குறி போட்டு இது என் அக்கா, இது எதிர்வீட்டுக்காரர், இங்கே தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் கேட்டவர்களின் படங்கள் நிறைய. தீப்புண் பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் செத்துப்போவார்கள் என்று அன்று சொல்லிவைத்திருந்ததால் கொடுக்காமல் போனவர்கள், அந்த மனிதர் எப்படியும் சாகத்தான் போகிறார், ஒரு வாய் ஊற்றியிருக்கலாமே என்று முப்பது வருஷம் புழுங்கியவர்கள், அந்த வாயை வரைந்திருக்கிறார்கள். மன்னித்துவிடுங்கள் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். அன்று 17 வயதாக இருந்த ஒரு பெண்மணி வரைந்த படம் புகழ்பெற்றது. ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே கருகி நின்றுவிட்ட ஒரு தாய், ஒரு கால் தூக்கியபடி, இறுக்கி அணைத்த குழந்தையோடு. அந்தத் தாய் யாராக இருக்கும் என்ற கேள்வியையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். படத்தால் முடியாத இடத்தில் எழுத்து, எழுத்தால் முடியாத இடத்தில் படம். இரண்டும் சேர்ந்தும் போதவில்லை என்பது பார்க்கிறவருக்கு விளங்கிவிடுகிறது. இத்தனை பேர் சேர்ந்து ஒரே நாளை வரைந்ததால்தான் அது ஒரு கூட்டு ஓவியமாகிறது. ஒருவர் விட்ட தெருவை இன்னொருவர் வரைந்திருக்கிறார். ஒருவர் மறுகரையிலிருந்து பார்த்ததை இன்னொருவர் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்திருக்கிறார்.

பார்க்காத கை

மாணவர்கள் வரைந்த தைல வண்ண ஓவியங்கள் சிலவற்றைத் தனியாக வைத்திருந்தார்கள். எனக்குச் சிக்கல் தொடங்கியது அங்கேதான். ஹிரோஷிமாவில் மோட்டோமாச்சி உயர்நிலைப் பள்ளியில் கலைப் பிரிவு ஒன்று உண்டு. 2007-லிருந்து அந்தப் பிரிவின் மாணவர்கள் ஹிபாகுஷாக்களோடு, அதாவது குண்டிலிருந்து பிழைத்தவர்களோடு, ஜோடி சேர்ந்து வரைகிறார்கள். முதியவர் தன் நினைவில் ஒரு காட்சியைத் தேர்ந்து சொல்வார். மாணவர் கேட்டு, வரைந்து, கொண்டுபோய்க் காட்டி, திருத்திக்கொண்டு, மறுபடி காட்டி, கிட்டத்தட்ட ஒரு வருஷம் இழுக்கும் வேலை. இதுவரை 200 ஓவியங்களுக்கு மேல் ஆகிவிட்டன. பிழைத்தவர்கள் தங்கள் அனுபவத்தை மக்களிடம் சொல்லப் போகும்போது இந்தப் படங்களைக் காட்டிச் சொல்வார்கள்.

நல்ல காரியம் என்று யாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒட்டவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல கை. நிழல் விழவேண்டிய இடத்தில் விழுகிறது, தீயின் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் படுகிறது, தூரத்து மலை நீலமாக மங்குகிறது. என்னிடம் படித்த பிள்ளை இப்படி வரைந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். இங்கே அந்தத் திறமைதான் இடித்தது. பக்கத்து அறையில் கிரேயானால் கிறுக்கிய படத்தில் இருந்த பதற்றம் இதில் இல்லை. எழுத்தும் இல்லை, ஒரு அம்புக்குறிகூட இல்லை. 16 வயதுப் பெண்ணுக்கு, தான் பிறப்பதற்கு அறுபது வருஷம் முன்னால் ஒருவர் கண்டதை வரைய என்ன இருக்கிறது? இது சாட்சியா, சித்திரமா? திரும்பி வரும்போது ரயிலில் மகளிடம் இதைச் சொன்னேன். “அப்பா, அவங்க எல்லாம் போனதுக்கு அப்புறம் யார் வரையறது?” என்றாள். அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

ஊருக்கு வந்த பிறகு அந்தக் கூட்டு வேலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிள்ளைகள் சும்மா கற்பனையில் வரைவதில்லை. அந்தக் காலத்து மோன்பே என்ற தொளதொளப்பான வேலைக் கால்சட்டை, விமானத் தாக்குதலுக்காகத் தலையில் மாட்டிய பஞ்சுக் குல்லா, இடிந்த ஓட்டு வீட்டின் உத்திரம் எப்படி முறிந்து கிடக்கும் என்பதையெல்லாம் பழைய படங்களில் தேடுகிறார்கள். நண்பர்களைத் தரையில் படுக்கவைத்தும் சுமக்கவைத்தும் உடம்பின் கனம் எப்படித் தொங்குகிறது என்று பார்க்கிறார்கள். அதையெல்லாம் தாண்டி, முதியவர் பார்த்துவிட்டு இந்தச் சிவப்பு இல்லை என்கிறார், புண் இவ்வளவு சுத்தமாக இருக்காது என்கிறார், அப்போது வானம் இன்னும் இருட்டு என்கிறார். மறுபடி வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் போடுகிறார்கள். கேட்டதெல்லாம் கனவில் வருகிறது என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. இதைப் படித்தபோதும் என் எண்ணம் முழுசாக மாறவில்லை. மாறியது எங்கள் ஊர்ப் போட்டியில்.

“அம்மம்மா சொன்னவா சார்”

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நூறுக்கும் மேல் இருக்கின்றன. எங்கள் பக்கத்து முகாமிலிருந்து அரசுப் பள்ளிக்கு வரும் ஒரு பையன் அந்த வருஷப் போட்டிக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு. அவன் தாளில் மேகமும் இல்லை, புறாவும் இல்லை. தாள் முழுக்கக் கறுப்பு பென்சில். மேலே குறுக்காகப் படுத்த தடித்த உருளைகள், அதற்கு மேல் மூட்டைகள், ஒரு பக்கத்தில் சின்னச் சதுரமாக வெளிச்சம். அடியில் நாலைந்து ஜோடிக் கால்கள், முழங்கால் வரைக்கும். முழங்காலுக்குக் கீழே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துத் தண்ணீர். அவ்வளவுதான். முகம் ஒன்றுகூட இல்லை.

பரிசுக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது அதை நான் எடுத்து வைத்தேன். கூட இருந்த நடுவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. படம் நன்றாகத்தான் இருக்கிறது, தலைப்பு ஹிரோஷிமா, இது ஏதோ குகை போல இருக்கிறது, பொருந்தவில்லை என்றார்கள். நான் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. பரிசு மேகத்துக்குப் போயிற்று. கலைந்து போகும்போது பையனைக் கூப்பிட்டு இது என்னப்பா என்று கேட்டேன். “பங்கர் சார். அம்மம்மா சொன்னவா சார்” என்றான். 1990-ல் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்த குடும்பம். விமானச் சத்தம் கேட்டால் வீட்டுக் கொல்லையில் வெட்டிய பதுங்குகுழிக்குள் இறங்கிவிடுவார்களாம். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் நிற்கும், நின்றுகொண்டே இருக்க வேண்டும். “நான் முதல்ல மரத்தை நிமித்தி வரைஞ்சேன் சார், தூண் மாதிரி. பனங்குத்தி நிமிந்து நிக்காது, மேல குறுக்கால படுத்துக் கிடக்கும் எண்டு அம்மம்மா அழிக்கச் சொன்னவா. முகம் எல்லாம் வரைஞ்சிருந்தேன். உள்ளுக்கு இருட்டில முகம் எங்க தெரியும், காலுதான் தெரியும் எண்டா.”

தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அழித்த தடம் அழுத்தமாகத் தெரிந்தது. நிமிர்ந்து நின்ற தூண்களின் கோடு, வட்ட வட்டமாக முகங்கள் இருந்த இடம். எனக்கு மோட்டோமாச்சி பிள்ளைகளின் ஓவியங்கள் அப்போதுதான் விளங்கின. நான் அவற்றில் சாட்சியைத் தேடிய இடம் வேறு. வரைந்த கோட்டில் தேடினேன். அது இருந்தது அழித்த கோட்டில். “முகம் எங்க தெரியும்” என்று அந்த அம்மம்மா சொன்ன நொடியில், தன் பேரனை மேட்டிலிருந்து குழிக்குள் இறக்கி, தன் பக்கத்தில் நிற்கவைத்திருக்கிறார். கண் மட்டத்தை மாற்றிவிட்டார். நான் வகுப்பில் வருஷக்கணக்காகச் சொல்லித்தருவதை அவர் ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டார். இந்தச் சிவப்பு இல்லை, இன்னும் இருட்டு என்று ஹிரோஷிமாவின் முதியவர் ஒரு 16 வயதுப் பெண்ணிடம் சொல்லும்போது நடப்பதும் அதேதான். கிரேயான் படங்களில் ஓரமெல்லாம் நிரம்பியிருந்த எழுத்து, தைல வண்ணத்தில் காணாமல் போகவில்லை. வரைகிறபோது அந்தப் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. காட்சிக்கு வைக்கும்போது பக்கத்தில் நின்று சொல்கிறவரின் வாயில் இருக்கிறது. நான் அந்த ஓவியங்களைப் பார்த்த நாளில் பக்கத்தில் யாரும் நின்று சொல்லவில்லை. நான் பார்த்தது பாதிப் படம்.

தலைப்புக்குள் வருவது எது

‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்ற பேச்சு மட்டும் அடங்காமல் உள்ளே கிடந்தது. ஹிரோஷிமாவை யாரைவிடவும் அதிகமாக வரைந்தவர்கள் மாருகி இரியும் மாருகி தோஷியும். கணவன் மனைவி. இரி பிறந்தது ஹிரோஷிமா. குண்டு விழுந்த சில நாளில் சொந்தக்காரர்களைத் தேடிப் போனவர்கள். 1950-ல் தொடங்கி 1982 வரை இருவரும் சேர்ந்து 15 பெரும் ஓவியங்களை வரைந்தார்கள், ஒவ்வொன்றும் 7.2 மீட்டர் அகலம். தோஷி தைல வண்ணத்தில் பழகியவர், மனித உடம்பைத் துல்லியமாக வரைவார். இரி மை ஓவியக்காரர். அவர் வரைந்து முடித்த உடல்கள் மேல் இவர் மையை ஊற்றுவார், அதற்கு மேல் அவர் மறுபடி வரைவார். அந்த வரிசையில் 1971-ல் வரைந்தது ஹிரோஷிமாவில் செத்துப்போன அமெரிக்கப் போர்க்கைதிகளைப் பற்றியது. 1972-ல் வரைந்தது ‘காகங்கள்’. ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களின் பிணங்கள் கடைசிவரை அள்ளப்படாமல் கிடக்க, காகங்கள் வந்து கொத்துகின்றன. தன் நாட்டுக்காரர் அனுபவித்ததை வரைகிற கையே, தன் நாட்டுக்காரர் செய்ததையும் வரைந்தது. அதோடு நிற்காமல் ஜப்பானியப் படை சீனாவின் நான்ஜிங்கில் செய்த படுகொலையை வரைந்தார்கள், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமை வரைந்தார்கள், ஒகினாவா தீவில் நடந்த போரை வரைந்தார்கள். ஹிரோஷிமா என்ற தலைப்புக்குள் இதெல்லாம் வராது என்று அவர்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நாம் ஒரு பதுங்குகுழியை வெளியே தள்ளினோம். அதுவும் முப்பது வருஷத்துக்கு மேல் நம்மோடு, நம் பள்ளியில், நம் மொழியிலேயே படிக்கிற பிள்ளைகளின் வீட்டுக் கதையை. எனக்கு இதில் கோபம் உண்டு, இன்னமும் உண்டு.

மகள் ரயிலில் கேட்ட கேள்விக்கும் நேரம் அதிகமில்லை. 2025 மார்ச் கணக்குப்படி, உயிரோடு இருக்கிற ஹிபாகுஷாக்களின் எண்ணிக்கை முதல்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. சராசரி வயது 86. ஜோடி சேர்ந்து வரைவதற்கு ஒரு பக்கம் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. நம் முகாம்களிலும் அப்படித்தான். கடலைக் கடந்து வந்தபோது நடுவயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபதும் எண்பதும். அங்கே பிறக்காத பிள்ளைகளுக்குப் பனங்குத்தி படுத்துக் கிடக்கும் என்று சொல்ல அவர்கள்தான் இருக்கிறார்கள்.

அடுத்த ஆகஸ்ட் போட்டிக்கான கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். பிள்ளைகள் தனியாக வர வேண்டாம், வீட்டுப் பெரியவர் ஒருவரோடு ஜோடியாக வரட்டும். அது அணுகுண்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற தாத்தா இருக்கலாம், பர்மாவிலிருந்து நடந்தே வந்த கொள்ளுப்பாட்டியின் கதையைக் கேட்டு வளர்ந்த ஆச்சி இருக்கலாம், முகாமின் அம்மம்மா இருக்கலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், இரண்டு மாசம் கொடுக்கலாம். அழிரப்பரால் அழித்த தாளை மாற்றாமல் அப்படியே வைக்க வேண்டும், பெரியவர் சொன்னதைப் பிள்ளை ஓரத்தில் எழுத வேண்டும், காட்சி நாளில் இருவரும் படத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். பேச விருப்பமில்லை என்று சொல்கிற பெரியவர்களை வற்புறுத்தக் கூடாது என்பதையும் சொன்னேன். அதற்கு உரிமை அவர்களுக்கு உண்டு. பாதிப்பேர் தலையாட்டினார்கள். ஒருவர், இதற்கு முதல் பரிசு இரண்டாம் பரிசு எப்படிப் போடுவது, எந்தப் பாட்டியின் துன்பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பரிசே வேண்டாம், எல்லாப் படத்தையும் மாட்டிவிடலாம் என்றேன். பரிசு இல்லையென்றால் பள்ளிகள் பிள்ளைகளை அனுப்பாது என்றார்கள். இரண்டு தலைமை ஆசிரியர்கள் மட்டும் அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். முகாமில் பேசிப் பார்க்கும் பொறுப்பை அந்தப் பையனின் வகுப்பாசிரியை ஏற்றிருக்கிறார். மண்டபம் இன்னும் முடிவாகவில்லை.